நைரோபிக்கு வேலை விஷயமாகப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கென்யத் தலைநகர் நைரோபி என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "பாதுகாப்பான ஊரா?" என்றுதான். அதற்குப் பதில் கீழே இருக்கிறது. ஆனால் வியாபாரப் பயணங்கள் சொதப்புவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: போடாத ஊசி, தப்பான அனுமதி, ஒரே நாளில் ஊரின் நாலு மூலையிலும் போட்டுவைத்த சந்திப்புகள். அதனால் கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் இருந்து ஆரம்பிக்கிறோம்.

கென்யாவுக்கு விசாவே வேண்டாம்னு சொல்றாங்களே, டிக்கெட் எடுத்துட்டு ஏறிடலாமா?

கூடாது. 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியைக் கொண்டுவந்தார்கள். பெயர் மாறியதே தவிர, வேலை அதேதான். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஆன்லைனில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகே விமானம் ஏற முடியும். செக்-இன் கவுன்டரிலேயே கேட்பார்கள்.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்க ஸ்கேன், முகப்படம், போக வர டிக்கெட், தங்குமிட முன்பதிவு, வியாபாரம் என்றால் அங்கிருக்கும் நிறுவனத்தின் அழைப்புக் கடிதம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். கட்டணம் சுமார் 30 டாலர். பரிசீலனைக்கு மூன்று வேலை நாள் என்று கணக்கு வைத்தாலும் ஒரு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். ஒரு அனுமதி ஒருமுறை நுழைவதற்குத்தான். நடுவில் உகாண்டாவுக்கோ தான்சானியாவுக்கோ போய்த் திரும்புவதாக இருந்தால் அதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேடுபொறியில் முதலில் வரும் தளங்களில் பல, அரசு இலச்சினை மாதிரியே ஒன்றைப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று மடங்கு வாங்கும் தரகர்களுடையவை. அரசுத் தளத்தின் முகவரி 'ஜி.ஓ. டாட் கே.இ.' என்று முடியும். அப்படி முடியாவிட்டால் அதில் கார்டு எண்ணைப் போடாதீர்கள்.

இ.டி.ஏ.ல 'பிசினஸ்'னு போட்டாச்சு. போய் மெஷினை மாட்டிக் கொடுத்துட்டு வரலாம்ல?

பேச்சுவார்த்தை, கண்காட்சி, டீலரைப் பார்ப்பது, ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவது எல்லாம் சரி. மெஷின் மாட்டுவது, ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது, சர்வீஸ் செய்வது ஆகியவை வேலைக் கணக்கில் வரும். குறுகிய கால வேலைக்கு 'ஸ்பெஷல் பாஸ்' என்று தனி அனுமதி உண்டு. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களை வரவழைக்கும் கென்ய நிறுவனம்.

குடிநுழைவு அதிகாரி "என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று கேட்கும்போது, டூல் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு "மீட்டிங்" என்று சொல்வதுதான் பலர் மாட்டும் இடம். அழைப்புக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள். கடிதத்தில் 'இன்ஸ்டாலேஷன்' என்று இருந்தால் ஸ்பெஷல் பாஸ் இல்லாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? நைரோபி ஏர்போர்ட்ல யாருமே கேட்கலைன்னு நண்பர் சொன்னாரே?

நண்பர் சொன்னது சரியாக இருக்கலாம். பிரச்சினை நைரோபியில் இல்லை, ஊர் திரும்பும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யா இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விமான நிலைய சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இலங்கையும் சான்றிதழ் கேட்கும்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதனால் நாளைக்குப் பயணம் என்றால் இன்றைக்குப் போடும் ஊசி போகும்போது கணக்கில் வராது. நைரோபியில் பத்து நாளுக்கு மேல் தங்கினால் திரும்பும் தேதிக்குக் கணக்கு சரியாகிவிடும், மூன்று நாள் பயணமென்றால் மாட்டிக்கொள்வீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். பழைய மஞ்சள் அட்டையில் பத்து வருடம் என்று எழுதியிருந்தாலும் 2016 ஜூலையில் வந்த விதிப்படி அதுவும் ஆயுளுக்குச் செல்லும்.

அரசு அங்கீகரித்த மையங்களில் போட்டால்தான் சான்றிதழ் கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம். கொழும்பில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையம். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் வீணாகிவிடும் என்பதால் குறிப்பிட்ட நாட்களில், ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள். முன்பதிவு அவசியம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

மலேரியா மாத்திரை சாப்பிடணுமா?

நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட குன்னூர் உயரம். அதனால் நகருக்குள் மலேரியா அபாயம் குறைவு. நகரை விட்டு வெளியே, குறிப்பாகக் கடலோர மொம்பாசா, ஏரிக்கரை கிசுமு பக்கம் போகிற திட்டம் இருந்தால் மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேளுங்கள். ஊர் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் "கென்யா போய் வந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பாட்டில் தண்ணீர் எங்கும் கிடைக்கும்.

ஆப்பிரிக்கான்னா வெயில்தானே, ஸ்வெட்டர் எதுக்கு?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். விடியற்காலையில் 11, 12 டிகிரி வரை இறங்கும், பகலிலும் மேகம் மூடியே இருக்கும். பெரும்பாலான ஹோட்டல் அறைகளில் ஹீட்டர் கிடையாது. ஜாக்கெட் ஒன்று வேண்டும். வங்கி, அரசு அலுவலகச் சந்திப்புகளுக்கு கோட்டு போட்டுப் போவது அங்கே சாதாரணம், எனவே இரண்டுக்கும் ஒன்றே ஆகும். பெருமழை மார்ச்சிலிருந்து மே வரை, சிறுமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை.

மழையைவிட விடுமுறைகளைப் பார்த்துத் தேதி போடுங்கள். ஜூன் 1, அக்டோபர் 10, அக்டோபர் 20, டிசம்பர் 12 ஆகியவை பொது விடுமுறைகள். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் திங்கட்கிழமை லீவு. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை முடிவெடுக்கிற ஆள் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். அந்தச் சமயத்தில் போவது டிக்கெட் காசுக்குக் கேடு.

எந்த ஏரியாவுல ரூம் போடணும்?

உங்கள் சந்திப்புகள் எங்கே அதிகமோ அங்கே. ஹோட்டலின் நட்சத்திரத்தைவிட இது முக்கியம். நிறுவன அலுவலகங்கள் நிறைய இருப்பது வெஸ்ட்லண்ட்ஸிலும் அப்பர் ஹில்லிலும். ஐ.நா. அலுவலகமும் பல தூதரகங்களும் கிகிரியில். தொழிற்சாலை, கிடங்கு என்றால் இண்டஸ்ட்ரியல் ஏரியா, மொம்பாசா ரோடு. அமைச்சகங்களும் இந்தியத் தூதரகமும் நகர மையத்தில், அங்கே 'சி.பி.டி.' என்பார்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு வெஸ்ட்லண்ட்ஸ் நல்ல தேர்வு. விமான நிலையப் பக்கமிருந்து வரும் எக்ஸ்பிரஸ்வே என்ற சுங்கச் சாலை அங்கே வந்து முடிகிறது, சைவச் சாப்பாடு கிடைக்கும் பார்க்லண்ட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிடப் போகவும் வழியுண்டு. சி.பி.டி.யில் அறை மலிவாகக் கிடைக்கும். ஆனால் இருட்டிய பிறகு அங்கே நடமாட்டம் சரிப்படாது.

ஏர்போர்ட்ல இறங்கினதும் என்ன செய்யணும்?

இறங்குவதற்கு முன்பே ஒரு வேலை: பிளாஸ்டிக் பைகளை ஒழித்துவிடுங்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை. டியூட்டி ஃப்ரீ பை உட்பட எல்லாவற்றையும் விமான நிலையத்திலேயே விட்டுவிடச் சொல்வார்கள். ஊரிலிருந்து முறுக்கும் ஊறுகாயும் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப்போகிறவர்கள் துணிப்பைக்கு மாறிக்கொள்ளவும்.

டாக்ஸிக்கு ஊபர், போல்ட், லிட்டில் என்ற செயலிகள் உண்டு. விமான நிலையத்திலிருந்து வெஸ்ட்லண்ட்ஸுக்கு இரண்டு வழி: கீழே மொம்பாசா ரோடு, மேலே 2022இல் திறந்த 27 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ்வே. மேலே போனால் அரை மணி. கீழே போனால் மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். மேலே போகச் சில நூறு ஷில்லிங் சுங்கம் உண்டு. அதைப் பயணிதான் கொடுப்பது வழக்கம் என்பதால் ஏறும்போதே "எக்ஸ்பிரஸ்வே, டோல் நான் தருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ஓட்டுநர் பேசாமல் கீழ் வழியில் போய்விடுவார்.

ஒரு நாளைக்கு எத்தனை மீட்டிங் போடலாம்?

ஒரே ஏரியாவில் என்றால் மூன்று. ஊருக்குக் குறுக்கே என்றால் இரண்டு, காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரையும், மாலை நாலரையிலிருந்து எட்டு வரையும் சாலைகள் ஸ்தம்பித்துவிடும். மழை பெய்தால் எந்த நேரமானாலும் இருமடங்கு. இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நாலு மணிக்கு முடித்துவிட்டு கிகிரியில் ஐந்துக்குப் போவேன் என்று யாராவது அட்டவணை போட்டுக் கொடுத்தால், அவர் அந்த ஊருக்குப் போனதில்லை என்று அர்த்தம்.

திங்கள் வெஸ்ட்லண்ட்ஸ், செவ்வாய் அப்பர் ஹில், புதன் இண்டஸ்ட்ரியல் ஏரியா என்று ஏரியாவாரியாகப் பிரியுங்கள். பதினொரு மணிச் சந்திப்புதான் இருப்பதிலேயே பத்திரமானது. அலுவலக நேரம் எட்டு முதல் ஐந்து. வெள்ளி மதியத்துக்கு மேல் கனமான விஷயம் எதையும் வைக்காதீர்கள்.

அட்ரஸ் கேட்டா 'பி.ஓ. பாக்ஸ்' நம்பர் அனுப்புறாங்க. இதை வெச்சு எப்படிப் போறது?

போக முடியாது. அங்கே வீடு வீடாகத் தபால் கொடுக்கும் வழக்கம் இல்லை. லெட்டர்ஹெட்டில் இருப்பது தபால் நிலையப் பெட்டி எண் மட்டுமே. கட்டடத்தின் பெயர், தளம், சாலை, பக்கத்தில் தெரிந்த அடையாளம் ஆகிய நாலையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. ஒரே மாதிரிப் பெயரில் பல கட்டடங்கள் உண்டு என்பதால் செயலி தானாகக் காட்டும் முதல் இடத்தை நம்பி ஏறாதீர்கள்.

பணம் எப்படி எடுத்துட்டுப் போறது? டாலரா, கார்டா? யூ.பி.ஐ. ஓடுமா?

யூ.பி.ஐ.யை மறந்துவிடுங்கள். விசா, மாஸ்டர்கார்டு ஹோட்டல்களிலும் மால்களிலும் ஓடும். இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்து வைக்கப்பட்டிருக்கும், கிளம்பும் முன் வங்கிச் செயலியில் போய் இயக்கிவிடுங்கள். ஓ.டி.பி. வருவதற்கு இந்திய சிம்மில் ரோமிங் இருக்க வேண்டும். கடையில் மெஷின் "ரூபாயில் கட்டணுமா, ஷில்லிங்கிலா?" என்று கேட்டால் ஷில்லிங் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை.

கையில் டாலர் கொண்டுபோனால் 100, 50 நோட்டுகளாக, புதிதாக, கிறுக்கல் மடிப்பு இல்லாமல் வாங்குங்கள். பழைய வரிசை நோட்டுகளை ஃபாரெக்ஸ் கடைகள் வாங்க மாட்டார்கள், வாங்கினாலும் விலை குறைப்பார்கள். இந்தியாவிலிருந்து ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் ரொக்க நோட்டாக எடுக்கலாம், மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டுக்கொள்ளலாம். 2024 நடுவிலிருந்து டாலருக்கு 130 ஷில்லிங்கை ஒட்டியே மாற்று விலை இருந்து வருகிறது. கணக்குப் போட அது போதும்.

எம்-பெசா இல்லாம சமாளிக்க முடியாதா? வெளியூர்க்காரங்களுக்குக் கொடுப்பாங்களா?

இரண்டு நாள் என்றால் சமாளிக்கலாம். நாலு நாளுக்கு மேல் என்றால் எடுத்துவிடுங்கள். 2007இல் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் கொண்டுவந்த இந்த மொபைல் பணம் இல்லாமல் அங்கே டீக்கடையும் ஓடாது, வக்கீல் ஆபீஸும் ஓடாது. விமான நிலையத்திலோ மாலிலோ உள்ள சஃபாரிகாம் கடைக்கு அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் போனால் சிம்மைப் பதிந்து, எம்-பெசாவையும் திறந்து கொடுப்பார்கள். நாலு இலக்க ரகசிய எண்ணை நீங்களே வைக்க வேண்டும், கடைக்காரரிடம் சொல்லிப் போடச் சொல்லாதீர்கள்.

பச்சை வண்ணம் அடித்த ஏஜென்ட் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கும். ரொக்கத்தைக் கொடுத்து உங்கள் எண்ணில் ஏற்றிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணம் இல்லை. எடுக்கும்போதுதான் கட்டணம். கடையில் கட்டுவதற்கு 'லிபா நா எம்-பெசா' என்ற மெனுவுக்குப் போக வேண்டும். அதில் இரண்டு வகை: 'பை குட்ஸ்' என்றால் கடையின் டில் எண் மட்டும் போதும், 'பே பில்' என்றால் நிறுவன எண்ணோடு கணக்கு எண்ணும் வேண்டும். இரண்டையும் மாற்றிப் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. அனுப்புவதற்கு முன் திரையில் வாங்குபவரின் பெயர் வரும். கடைப் பலகையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ரகசிய எண்ணைப் போடுங்கள். உறுதிக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், அதுதான் ரசீது.

யாரோ தப்பா என் எம்-பெசாவுக்குப் பணம் அனுப்பிட்டதா மெசேஜ் வந்துது, திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சுறாங்க. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். முதலில் பேலன்ஸைப் பாருங்கள். பெரும்பாலும் பணமே வந்திருக்காது, வந்தது போலத் தயாரித்த குறுஞ்செய்தி மட்டும் இருக்கும். எம்-பெசா என்ற பெயரில் வராமல் சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உண்மையாகவே பணம் ஏறியிருந்தாலும், அனுப்பியவர் சஃபாரிகாமிடம் சொல்லித் திரும்பப் பெற வழி இருக்கிறது. அதை அவர் செய்யட்டும்.

ஒவ்வொரு பில்டிங் வாசல்லயும் ஐ.டி. கேட்டு வாங்கி வெச்சுக்கிறாங்க. பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாமா?

வேண்டாம். 2013இல் வெஸ்ட்கேட் மாலிலும் 2019இல் ரிவர்சைட் டிரைவ் ஹோட்டல் வளாகத்திலும் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு இந்தச் சோதனை எல்லாம் வழக்கமாகிவிட்டது: காருக்கு அடியில் கண்ணாடி, டிக்கியைத் திறந்து பார்ப்பது, பதிவேட்டில் பெயர். சில இடங்களில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு விசிட்டர் பேட்ஜ் கொடுப்பார்கள். அதற்கென்று டிரைவிங் லைசென்ஸோ கம்பெனி ஐ.டி.யோ ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அசல் பாஸ்போர்ட் ஹோட்டல் லாக்கரில் இருக்கட்டும். அதன் நகலும் இ.டி.ஏ. நகலும் பையில் போதும். வாசலில் மட்டும் பத்து நிமிடம் போகும், அதையும் பயண நேரத்தில் சேருங்கள்.

நான் சைவம். என்ன சாப்பிடறது?

கவலையே வேண்டாம். ரயில்பாதை போட்ட காலத்திலிருந்து இந்தியர்கள் வாழும் ஊர் அது. கென்ய ஆசியர்களை 2017இல் அந்நாட்டின் 44வது இனக்குழுவாகவே அரசு அறிவித்தது. பார்க்லண்ட்ஸ், டயமண்ட் பிளாசா பக்கம் போனால் குஜராத்தி தாலியிலிருந்து தோசைவரை கிடைக்கும். தோசை நம்மூர் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காமல் போனால் நிம்மதி.

உள்ளூர்ச் சாப்பாட்டிலும் சைவத்துக்கு வழி நிறைய. சோளமாவுக் களியான உகாலி, சுகுமா விகி என்ற கீரைப் பொரியல், சோளமும் பீன்ஸும் வெந்த கிதேரி, பீன்ஸ் குழம்போடு சப்பாத்தி. ஆனால் "சிலி ஞாமா", அதாவது இறைச்சி சாப்பிட மாட்டேன், என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் கோழி வந்து நிற்கும். அங்கே பேச்சுவழக்கில் ஞாமா என்றால் ஆடு, மாட்டு இறைச்சி. கோழி 'குகு', மீன் 'சமாகி', மூன்றையும் சேர்த்துச் சொல்லி வேண்டாம் என்று சொல்லுங்கள். கிதேரியில் சில கடைகள் இறைச்சித் துண்டு போடுவதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கிலீஷ் போதுமா? மீட்டிங்ல எப்படி நடந்துக்கணும்?

ஆங்கிலம் தாராளமாகப் போதும். ஆனால் உள்ளே போனதும் விலைப்பட்டியலை எடுத்து வைக்காதீர்கள். கை கொடுத்து, எப்படி இருக்கிறீர்கள், பயணம் எப்படி இருந்தது என்று இரண்டு நிமிடம் பேசாமல் விஷயத்துக்குப் போவது அங்கே மரியாதைக் குறைவு. வாசல் காவலரிடம்கூட "ஹபாரி" என்று விசாரித்துவிட்டு வழி கேளுங்கள், பதில் வேறு மாதிரி வரும். டாக்டர், இன்ஜினியர் பட்டங்களைப் பெயரோடு சேர்த்து அழைப்பார்கள்.

நேரம் குறிக்கும்போது ஒரு எச்சரிக்கை. சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள், காலை 7தான் ஒரு மணி. ஓட்டுநரிடம் சுவாஹிலியில் "சா தாது", அதாவது மூன்று மணி, என்றால் அவர் காலை 9க்கு வருவார். ஆங்கிலத்தில் சொன்னால் நம் கணக்கேதான். ஊர் நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி பின்னால்.

எல்லாத்துக்கும் 'சாவா, சாவா'ன்னு தலையாட்டுறாங்க. ஆர்டர் கிடைச்சதா இல்லையா?

'சாவா' என்றால் 'சரி, புரிந்தது'. ஆர்டர் என்று அர்த்தமில்லை. அங்கே ஆர்டர் என்பது எல்.பி.ஓ., அதாவது நிறுவனம் எழுத்தில் தரும் கொள்முதல் ஆணை. அது கைக்கு வராமல் சரக்கு ஏற்றாதீர்கள். முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்று சொல்வது அரிது என்பதால், "எல்.பி.ஓ. யார் போடுவார்? எந்தத் தேதிக்குள்?" என்று கேளுங்கள். தேதியும் பெயரும் வந்தால் விஷயம் உயிரோடு இருக்கிறது. சந்தித்த அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பேசியதைச் சுருக்கி அனுப்புங்கள். மின்னஞ்சல் வாரக்கணக்கில் கிடக்கும்.

ரொம்பக் குறைஞ்ச விலைக்குத் தங்கம் தர்றோம், அரசு டெண்டர் வாங்கித் தர்றோம்னு கூப்பிடுறாங்க. நம்பலாமா?

தங்கம் என்றால் அந்த இடத்திலேயே பேச்சை முடியுங்கள். நைரோபியின் பெயர்பெற்ற மோசடி இது. காங்கோ தங்கம் என்பார்கள், உங்கள் கண் முன்னாலேயே பரிசோதனை செய்து காட்டுவார்கள், அந்த மாதிரித் துண்டு அசலாகவே இருக்கும். பிறகு ஏற்றுமதி வரி, காப்பீடு, விமானச் சரக்குக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக முன்பணம் கேட்பார்கள். பெட்டி வந்து சேராது. ஆடம்பர பங்களாவும் கோட்டு போட்ட வக்கீலும் அந்த நாடகத்தின் அங்கங்கள்.

டெண்டர் மோசடியில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். கென்ய அரசு டெண்டர்கள் அரசின் கொள்முதல் இணையதளத்தில் வெளிப்படையாக வரும், அதிகாரிகளின் மின்னஞ்சல் முகவரியும் மேலே இ.டி.ஏ. பதிலில் சொன்னபடி 'ஜி.ஓ. டாட் கே.இ.' என்றுதான் முடியும். அரசுச் சேவைக் கட்டணங்களுக்கு 222222 என்ற ஒரே பே பில் எண் இருக்கும்போது தனியார் எண்ணுக்கு அனுப்பச் சொன்னாலே புரிந்துகொள்ளலாம். தனியார் நிறுவனத்தைச் சோதிக்க 'சி.ஆர்.12' கேளுங்கள். இயக்குநர்கள், பங்குதாரர்கள் யார் என்று அரசுப் பதிவாளர் தரும் ஆவணம் அது. அவர்கள் தரும் நகலை நம்பாமல், உள்ளூர் வக்கீல் மூலம் இ-சிட்டிசன் என்ற அரசுச் சேவைத் தளத்தில் புதிதாக எடுத்துப் பாருங்கள்.

சர்வீஸ் பில்லுல 20 சதவீதம் பிடிச்சுக்கிட்டுப் பணம் அனுப்பியிருக்காங்க. ஏமாத்துறாங்களா?

இல்லை. வெளிநாட்டவருக்குத் தரும் தொழில்சார் கட்டணத்தில் கென்யா 20% முன்வரி பிடிக்கிறது. ஆனால் இந்தியாவோடு உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி தொழில்நுட்ப, ஆலோசனைக் கட்டணங்களுக்கு 10% தான். அந்தக் குறைந்த விகிதம் வேண்டுமென்றால் இந்திய வருமான வரித்துறை தரும் வசிப்பிடச் சான்றிதழை, பணம் அனுப்புவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். பிடித்த பிறகு திரும்பக் கேட்பது நீண்ட அலைச்சல்.

பிடித்த வரிக்கு கென்ய வருவாய் ஆணையத்தின் சான்றிதழை வாங்கிவைத்தால் இந்தியாவில் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள உங்கள் ஆடிட்டர் வழி சொல்வார். விலை பேசும்போதே "வரி பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு?" என்று பேசுங்கள். பலரின் லாபம் கரைவது இங்கேதான்.

சாம்பிள் பொருளைப் பெட்டியில எடுத்துட்டுப் போகலாமா?

ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றிரண்டு, கூடவே 'விற்பனைக்கல்ல' என்று குறித்து மதிப்பும் போட்ட இன்வாய்ஸ் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஒரே பொருள் இருபது உறையோடு இருந்தால் வியாபாரச் சரக்கு என்று வரி கேட்பார்கள், அவர்கள் மேல் தப்புமில்லை. மதிப்பு பூஜ்யம் என்று எழுதாதீர்கள், அதிகாரியே ஒரு மதிப்பைப் போட்டுவிடுவார். மெஷின் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் உள்ளூர் கிளியரிங் ஏஜென்ட்டை முன்பே பிடியுங்கள். அதற்குப் பிணைத்தொகை நடைமுறை உண்டு.

ஹோட்டலில் சார்ஜ் போட, இங்கிலாந்துச் சதுர மூன்று முள் பிளக் வேண்டும். நம் வட்ட முள் நுழையாது. இலங்கையிலிருந்து போகிறவர்கள் வீட்டில் சதுர முள் பிளக் இருந்தால் அதையே எடுத்துப் போகலாம்.

சரி, கடைசியா கேட்கிறேன். பாதுகாப்பான ஊரா?

பகலில், காரில், சந்திப்புக்குப் போய் வருகிறவருக்குப் பெரிய ஆபத்தில்லை. நடப்பது பெரும்பாலும் போன் பறிப்பு: சிக்னலில் கார் ஜன்னலைத் திறந்துவைத்துப் பேசுவது, சி.பி.டி. நடைபாதையில் மேப் பார்த்துக்கொண்டே நடப்பது. ஜன்னலை ஏற்றுங்கள், போனை மடியில் வையுங்கள். இருட்டிய பிறகு நூறு மீட்டர் என்றாலும் டாக்ஸி. விமான நிலையம், ராணுவம், போலீஸ், அரசுக் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள். தெருவில் சிகரெட் பிடிப்பதும் சட்டப்படி குற்றம், அதற்கென்று ஒதுக்கிய இடங்கள் உண்டு.

ஜூன் 25, ஜூலை 7 தேதிகளை ஒட்டி சி.பி.டி.யில் போராட்டம் நடந்து சாலைகளை அடைப்பது அண்மை ஆண்டுகளில் வழக்கமாகியிருக்கிறது. 2027 ஆகஸ்டில் பொதுத்தேர்தல். இந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி போடுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் பக்கத்துக் காவல் நிலையத்தில் 'போலீஸ் அப்ஸ்ட்ராக்ட்' என்ற புகார்ச் சான்று வாங்க வேண்டும். அதில்லாமல் ஹரம்பே அவென்யூவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள். அவசர எண்கள் 999, 112.

அரை நாள் ஓய்வு இருக்கு. ஏதாவது பார்க்கலாமா?

நைரோபி தேசியப் பூங்கா நகர எல்லையிலேயே இருக்கிறது, 117 சதுர கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் சிங்கம், காண்டாமிருகம் பார்க்க வாய்ப்புண்டு. பத்து மணிக்கு மேல் போனால் வரிக்குதிரையும் வெயிலும்தான். கட்டணத்தை இ-சிட்டிசனில் முன்பே கட்ட வேண்டும், வாசலில் ரொக்கம் எடுபடாது.

மொம்பாசாவுக்கு ரயிலில் போக நினைத்தால் நிலையம் நகரத்தில் இல்லை, சியோகிமாவில். பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லி மோப்ப நாயை விட்டுச் சோதிப்பார்கள். ஒரு மணி நேரம் முன்னாலாவது போய்ச் சேருங்கள்.

கிளம்புற அன்னைக்கு எத்தனை மணிக்கு ஹோட்டலை விட்டுப் புறப்படணும்?

விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு நிலையத்தில் இருக்கும்படி கணக்கிட்டு, அதன் மேல் சாலை நேரத்தையும் ஒரு இருபது நிமிடத்தையும் சேருங்கள். நிலையத்துக்குள் நுழையும் வாயிலில் ஓட்டுநரைத் தவிர எல்லோரையும் இறக்கி, நடந்து போய்ச் சோதனையைத் தாண்டி, மறுபக்கம் வந்து அதே காரில் ஏறச் சொல்வார்கள். கைப்பையையும் போனையும் காரிலேயே விட்டுவிட்டு இறங்காதீர்கள். வண்டி எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் வெள்ளை கார்கள் வரிசையாக நிற்கும்.

எம்-பெசாவில் மிச்சமுள்ள பணத்தை முந்தின நாளே ஏஜென்ட்டிடம் எடுத்து டாலராக்கிவிடுங்கள். பணம் எடுக்க அசல் பாஸ்போர்ட் கேட்பார்கள். தந்தப் பொருள், விலங்குத் தோல், பல், எலும்பு எதையும் பரிசு என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள். தேயிலை, காப்பி, மக்காடமியா பருப்பு போதும். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். ஊரில் இறங்கியதும், பெட்டி வருவதற்கு முன்பே, சுகாதார மேசையில் அதைக் கேட்பார்கள்.